இடக்கையில் விழுந்த வீடு

"எங்க வீடு ஒன் இடக்கையில விழுந்தது எங்க குத்தமா? சொல்லுட்டி, எங்க குத்தமா? தெருவுக்கெல்லாம் காலையில மூணு நிமிஷம், சாயந்தரம் மூணு நிமிஷம்னு அழுத்தி அழுத்திக் குடுக்க, எங்களுக்கு மட்டும் அர நிமிஷங்கூடக் கிடையாது. நாங்க என்ன, வேற பங்கா, வேற வேதமா?"

இப்படிக் கேட்டது பக்கத்து வீட்டு எமரென்சியா, கேட்ட நேரம் காலை ஏழு மணி, கேட்ட இடம் ஹில்டா வீட்டு இரும்புக் கேட். அந்தக் கேட்டை அவள் ஒரு கையால் பிடித்து ஆட்டிய ஆட்டில் அதன் மேல் காய்ந்துகொண்டிருந்த கஸ்பாரின் பனியன் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க வேண்டுமே என்று நினைத்த மாத்திரத்திலேயே ஹில்டாவுக்கு அன்றைய பலத்தில் பாதி தீர்ந்துபோயிற்று.

"எக்கா, எத்தன தடவதான் சொல்லுதது? ஆபரேஷன் அந்தப் பக்கந்தான். அக்குள்ள இருந்த முடிச்செல்லாம் வெட்டி எடுத்தாச்சு. அந்தக் கையில ஊசி போடக் கூடாது, பிரஷர் பாக்கக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, அழுத்தவே கூடாது. அழுத்துனா கை வீங்கிரும்."

"வீங்குனா வடியும்."

"இது வடியாத வீக்கம்."

"என் சோலியும் வடியாததுதான்," என்று சொல்லிவிட்டு எமரென்சியா போனாள். போகிற போக்கில் பனியனைத் தாண்டித்தான் போனாள், எடுத்துப் போடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஹில்டாவுக்கு ஐம்பத்திமூன்று வயதில் மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்டினார்கள், எட்டுத் தடவை மருந்து ஏற்றினார்கள், இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள், பிறகு எல்லாம் சுத்தமாகிவிட்டது போய் வாருங்கள் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நோய் போய்விட்டது, ஆனால் போகும்போது அது தன் மூட்டை முடிச்சுகளில் ஒன்றை விட்டுவிட்டுப் போயிற்று, அதுதான் களைப்பு. தூங்கி எழுந்தால் தீராத களைப்பு, தூங்கினதற்கே களைப்பு, பல் தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷைக் கழுவ உட்கார்ந்து எழ வேண்டிய களைப்பு. தெரு முழுக்க அதற்கு மருந்து தெரிந்திருந்தது. ஒருத்தி பீட்ரூட் ஜூஸ் அனுப்பினாள், அடுத்தவள் பேரீச்சம்பழம் அனுப்பினாள், மூன்றாமவள் மறுபடி பீட்ரூட் அனுப்பினாள், ஹில்டாவின் பிரிட்ஜைத் திறந்தால் கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. "எப்பவும் படுத்தே கெடந்தா ஒடம்பு அப்படித்தான் சொகம் கண்டுரும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இது சோம்பல் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னவள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபசீலி ஒருத்திதான், அதற்காகவே ஹில்டா அவளை நம்பினாள்.

ஜெபசீலிதான் ஒரு பென்சிலைக் கொடுத்து, அதன் பின்பக்க ரப்பரால் உடம்பில் ஒன்பது இடங்களை அழுத்தக் கற்றுக்கொடுத்தாள். உச்சந்தலையில் ஒன்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கைக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளிக் காலுக்கு ஒன்று, உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளிக் காலுக்கு ஒன்று, பாதத்தின் மேலே கட்டைவிரல் இடுக்கில் காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இடது கையை மட்டும் விட்டுவிட வேண்டும். "ஒரு மாசம் விடாமச் செய்ங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா களைப்பு வடியும்," என்றாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் மணிக்கு உட்கார்ந்து மணிக்கு எழுந்து வளர்ந்தவள் ஹில்டா, மூன்று நிமிஷம் என்றால் அது இரண்டே முக்கால் நிமிஷம் ஆகாது. முதல் நாள் காலை சேலையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வலது காலில் பென்சிலை வைத்து அழுத்தினாள். அவள் களைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எதிர்வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்த ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், பத்து வருஷமாகப் பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேடி எழுவதைத் தவிர வேறு தேகப்பயிற்சி அறியாதவர், எழுந்து வாசலுக்கு வந்து, கைகளை விரித்து, குதித்துக் குதித்து முப்பது எண்ணினார்.

இடது காலை அழுத்தியபோது மூன்றாவது வீட்டில் மக்ரூன் பலகாரம் போட்டு விற்கும் கித்தேரி, கை ஓய்ந்து வைத்துவிட்ட முட்டை வெள்ளையை மறுபடி எடுத்து நுரை பொங்க அடித்தாள். உச்சந்தலையை அழுத்தியபோது தெருக்கோடி பங்களாவில் பங்குச் சாமியார் பாட ஆரம்பித்தார். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வீடு. சம்மனசுத் தெருவில் ஹில்டா வீட்டைத் தவிர ஒன்பது வீடு, ஹில்டா உடம்பில் ஒன்பது இடம். நாலு நாள் கவனித்து இதைக் கண்டுபிடித்து ஒரு காகிதத்தில் படம் போட்டவர் அவள் புருஷன் கஸ்பார், துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காகிதம் பார்க்கிறவர், எது எங்கே இறங்குகிறது என்று எழுதிவைப்பது அவருக்குப் பழக்கம்.

அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்தால்தான் வாயைப் பிளப்பார்கள். இதை மறுநாளே கரண்ட் மாதிரி, ரேஷன் மாதிரி, வர வேண்டியது வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள், வாரம் தீர்வதற்குள் அது வரும் லட்சணத்தைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "ஹில்டாக்கா, நாளைக்கு எங்க மச்சினிக்கு நிச்சயதார்த்தம், எங்க கணுக்கால மட்டும் ரெண்டு தடவ அழுத்துங்க." "ஹில்டாம்மா, இன்னைக்கு எங்க பாதத்துக்கு ஆறு நிமிஷம் லேட்டு, வெயில் ஏறினதுக்கப்புறம் தெம்பு வந்து என்னத்துக்கு?" டிரில் மாஸ்டர், அவரை எல்லாரும் டிரில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், வந்த தெம்பில் தன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார், தெம்பு மிஞ்சியதால் அடுத்த வீட்டுச் சுவரில் பாதிக்கும் அடித்தார். மீதிப் பாதியை யார் அடிப்பது என்று இரண்டு வீடும் மூன்று நாள் சண்டை போட்டன, அந்தச் சண்டைக்கான தெம்பும் ஹில்டாவின் பென்சிலிலிருந்துதான் போயிற்று. சாமியாரின் பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷத்திலிருந்து ஐம்பது நிமிஷத்துக்கு வளர்ந்தது. பக்கத்துத் தெருக்காரர்களே ஆள் அனுப்பி, சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஹில்டாம்மா உச்சந்தலையைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள்.

அன்பியம் கூடியது. அன்பியம் என்பது ஒரு தெருவின் வீடுகளெல்லாம் வியாழன்தோறும் ஒரு வீட்டில் சேர்ந்து, ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, சுண்டல் தின்று, பிறகு உண்மையான விஷயத்துக்கு வருகிற கூட்டம். சம்மனசுத் தெரு அன்பியத்துக்கு டிரில் சார்தான் தலைவர். அவர் நேர அட்டவணை ஒன்று தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹில்டாவின் கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினார். ஆணியடித்த சுத்தியல் சத்தத்தில் ஹில்டா இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். ஸ்டாப்வாட்ச் பொறுப்பைக் கஸ்பார் ஏற்றுக்கொண்டார். காலையில் அவள் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, செல்போனைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முப்பது செகண்ட் இருக்கு, கித்தேரிக்கு இன்னும் முப்பது செகண்ட் இருக்கு" என்று பெரிய சுங்கத் தீர்வை அதிகாரி மாதிரிச் சொல்லுவார்.

"என் களைப்பு போகலங்க," என்பாள் ஹில்டா.

"போகும் போகும். எல்லாருக்கும் போகுதுல்லா?"

எல்லாவற்றுக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு காரியம் செய்தார்கள். நம் பங்கைச் சேர்ந்த ஹில்டா கஸ்பார் பூரண சுகம் பெற்றதற்கு நன்றியாக இந்தத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மைக்கில் வாசித்தார்கள். ஊருக்கே சுகம் கொடுக்கிறவளுக்குச் சுகம் இல்லாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு, அந்தத் தப்பைச் செய்ய யாருக்கும் கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை. சுவிசேஷத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஹில்டாவால் எழ முடியவில்லை. முன் பெஞ்சிலிருந்து கித்தேரி திரும்பிப் பார்த்து, "நன்றி பூசைக்குக்கூட எந்திரிக்க மனசில்ல பாத்தியா" என்று பக்கத்தில் கிசுகிசுத்தாள். கித்தேரிக்காகத் தினமும் அழுத்தும் காலைத்தான் ஹில்டா அப்போது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுப்பிவிட முடியுமா என்று.

அவள் ஆசைப்பட்டது பெரிய ஆசை இல்லை. மலை ஏற வேண்டாம், கோவாவுக்குப் போக வேண்டாம். அடுப்படியில் நின்று ஒரு மீன் குழம்பை ஒரே மூச்சில் வைத்து இறக்க வேண்டும். கஸ்பார் வைக்கும் குழம்பில் புளி தனியாக, மிளகாய் தனியாக, மீன் தனியாக, ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் மாதிரி நிற்கும். எட்டு மாதமாக அதைத்தான் அவள் தின்கிறாள்.

எமரென்சியா கேட்டை ஆட்டியது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன், பிற்பகல் மூன்றரை மணிக்கு, அது நடந்தது.

ஹில்டா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திடீரென்று, மூடிக்கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி, கால் கையெல்லாம் அவளுக்கே சொந்தமாயின. எழுந்தாள். யாரையும் எதையும் பிடிக்காமல் எழுந்தாள். அடுப்படிக்கு நடந்தாள், நடந்ததைக் கவனிக்கக்கூட நேரமில்லாமல் நடந்தாள், பிரிட்ஜிலிருந்த ஊளி மீனை எடுத்து வெளியே வைத்தாள், புளியைக் கரைத்தாள், நாலு மிளகாயைக் கீறினாள், சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றி வெந்தயத்தைப் போட்டாள், வெந்தயம் சிவந்தது, அந்த வாசனையில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்துக்குக் கத்தியை எடுத்தாள், எடுத்த கையோடு அது நின்றுபோயிற்று. மெயின் சுவிட்சை யாரோ அணைத்த மாதிரி நின்றுபோயிற்று. அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, மேலே வெந்தயம் கருகுவதை முகர்ந்துகொண்டு, கையை நீட்டி அடுப்பை அணைக்க முடியாமல், ஆபீசிலிருந்து திரும்பிய கஸ்பார் கருகல் வாசனைக்கு ஓடிவரும்வரை இருந்தாள்.

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இதை விளங்கிக்கொள்ள ஜெபசீலி வேண்டாம், சாமியார் வேண்டாம். தெருவின் களைப்பெல்லாம் தன் உடம்பில் இருக்கிறதென்றால், தன் களைப்பு இந்தத் தெருவில் யார் உடம்பிலோ இருக்கத்தானே வேண்டும்? மூன்றரை மணிக்கு யாரோ எங்கேயோ அழுத்தியிருக்கிறார்கள், மூன்று நிமிஷம் சேர்ந்தாற்போல அழுத்தாததால்தான் தெம்பு தங்காமல் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் கஸ்பார் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, பென்சிலை வாங்கிக்கொண்டு தன் உடம்பில் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க."

"இங்க?"

"அது தொப்பைங்க. அங்க ஒண்ணுமே கெடையாது."

காதை அழுத்தினார், மூக்கை அழுத்தினார், குனிய முடியாமல் குனிந்து பாதத்தை அழுத்தினார், மூச்சு வாங்கி உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் அவர் உடம்பில் தனக்காக எதையும் இப்படித் தேடினதில்லை என்று ஹில்டாவுக்குத் தோன்றியது, தோன்றியதால் எரிச்சல் இன்னும் கூடியது, இல்லாத இடத்தில் இருக்கிற பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன குழம்பு வைப்பது?

வியாழக்கிழமை அன்பியத்தில், சுண்டலுக்கு முன்னாலேயே அவள் கேட்டுவிட்டாள். "நேத்து மூணர மணிக்கு இதுல யார் எங்க அமுக்குனிய?"

எல்லாரும் திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர்கள் மாதிரி ஜெபமாலையை உருட்டினார்கள். டிரில் சார்தான் தொண்டையைக் கனைத்தார். "ஹில்டாம்மா, இது என்ன விசாரணை? அவங்கவங்க வீட்ல அவங்கவங்க அமுக்கிக்கிடுவாங்க, அத எப்படி நேரம் போட்டுச் சொல்ல முடியும்?"

"என் நேரத்த மட்டும் அட்டவண போட்டு ஆணியடிச்சிய?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். நியாயந்தான், நியாயந்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு நியாயமான விஷயத்தை அவசரப்படாமல் அடுத்த வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹில்டா அட்டவணையை ஆணியிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அதை இரண்டாக மடித்துக் காட்டினாள், பிளாஸ்டிக் உறை சடசடத்தது. உடனே எல்லாரும் சேலையையும் வேட்டியையும் முழங்கால்வரை ஏற்றிவிட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்தினார்கள், ஆளுக்கு அரை நிமிஷம்தான், அதற்குள்ளேயே கை வலிக்கிறது, குனிய முடியவில்லை, சக்கரை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார்கள். கித்தேரி ஒரு விரலால் தொட்டுவிட்டு, "ஆச்சா?" என்றாள். பங்களாவுக்கு ஆள் போய்ச் சாமியாரையும் அழுத்தச் சொல்லி வந்தது. ஹில்டா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இல்லை, இல்லை, இல்லை என்று எட்டு வீட்டுக்கும் சொன்னாள், கண்ணைத் திறந்தாள், எண்ணினாள். வராத வீடு ஒன்றுதான். இடக்கையில் விழுந்த கோபத்தில் மூன்று வாரமாக அன்பியத்துக்கே வராத வீடு.

வெள்ளிக்கிழமை காலை எமரென்சியா வீட்டுக்கு ஹில்டா போனாள். பக்கத்து வீடுதான், இருபது அடி, அதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எமரென்சியா அப்போது புருஷனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தொம்மை அண்ணன் ஒரு காலத்தில் துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டினவர், ஆள் கதவு உயரம், வாதம் வந்து நாலு வருஷமாகக் கட்டிலோடு இருக்கிறார். அவரை ஒரு பக்கம் புரட்டித் துடைத்து, மறுபக்கம் புரட்டித் துடைத்து, விரிப்பை உருவி வேறு விரிப்பு நுழைப்பதை அறுபத்தோரு வயது எமரென்சியா ஒரு நாளைக்கு ஐந்து தடவை தனியாகச் செய்தாள். செய்து முடித்துக் கட்டிலின் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த உட்காருதலை ஹில்டாவுக்குத் தெரியும். தான் உட்காருவதும் அப்படித்தான்.

"எக்கா, புதன்கிழம மூணர மணிக்கு என்ன செஞ்சிய?"

"ஏன், அதுக்கும் நாந்தான் காரணமா?" என்றாள் எமரென்சியா. பிறகு யோசித்தாள். "கட்டில் சட்டம் கால்ல இடிச்சிட்டு. தைலம் போட்டு அமுக்கிட்டு இருந்தேன். இந்தா, இங்க." வலது காலில், முழங்காலுக்குக் கீழே, நீலம் பாரித்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். வைத்து அழுத்தினாள்.

ஹில்டா நிமிர்ந்தாள். பிடித்திருந்த நிலைப்படியை விட்டாள். அறையில் இருந்த எல்லாப் பொருளும், மருந்துக் குப்பி, வெந்நீர்ப் பாத்திரம், சுவரில் இருந்த மாதா படம், கழுவி வைத்தது மாதிரித் தெளிந்தன. "அதான்க்கா. அதான். விடாதிய, அப்படியே—"

எமரென்சியா கட்டைவிரலை எடுத்தாள்.

நிலைப்படி மறுபடி ஹில்டாவின் கைக்கு வந்தது.

"ஒனக்கு வேண்டியது என் கால்ல இருக்கா?" எமரென்சியா மெதுவாகக் கேட்டாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துவேஷமும் இல்லை, ரொம்ப நாள் கழித்து ஒரு சாமானுக்குச் சொந்தக்காரியான முகம். "அப்ப பேசிக்கிடுவோம். நீ என் கையத் தொடு, நான் ஒன் காலத் தொடுதேன்."

"என் கை வீங்கும்க்கா."

"அழுத்தி அழுத்தாத. பைய அழுத்து."

"பைய அழுத்துனாலும் வீங்கும்."

"ஹில்டா, நீ படுத்திருக்க, ஒன் புருஷன் பக்கத்துல உக்காந்து செகண்டு எண்ணுதாரு. நான் நின்னுக்கிட்டிருக்கேன், என் புருஷன் படுத்திருக்காரு. ஒன் களைப்பு பெருசா, என் களைப்பு பெருசான்னு கேக்க வரல. எனக்கு ஒரு மூணு நிமிஷம். ஒரே ஒரு தடவ. அப்புறம் தெனமும் ரெண்டு தடவ ஒனக்கு அழுத்துதேன், சத்தியமா."

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டது வெறும் அநியாயமாக இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அநியாயத்தைக் கேட்டவள் சொன்னதில் நியாயமும் இருந்ததுதான் அவளால் பொறுக்க முடியாத விஷயம். சாகாமல் தப்பி வந்து, அதற்குப் பிறகும் இரண்டு களைத்த பொம்பளைகள் ஒரு கட்டில் காலடியில் உட்கார்ந்து, உன் உடம்பைக் கொஞ்சம் கெடுத்துக்கொள், என் உடம்பைக் கொஞ்சம் தருகிறேன் என்று பேரம் பேச வேண்டுமா? வெள்ளையடிக்கிறவர் இதைப் பேசவில்லை, பாடுகிறவர் பேசவில்லை, அவர்களுக்கெல்லாம் வீடு நல்ல இடத்தில் விழுந்துவிட்டது. ஜெபசீலிக்குப் போன் போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பாள், அதனால்தான் ஹில்டா போடவில்லை. கஸ்பாரிடம் சொல்லியிருந்தால் கேட்டைப் பூட்டியிருப்பார், அதனால்தான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு வீட்டுக்கும் அழுத்தி முடித்தாள். கஸ்பார் ஆபீசுக்குப் போனார். பத்து மணிக்குப் பென்சிலோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள், சுவரில் மூன்று தடவை நின்றாள்.

"நீங்க மொதல்ல அழுத்துங்க," என்றாள் ஹில்டா.

"நான் மொதல்ல அழுத்துனா நீ தெம்பு வந்து எந்திரிச்சுப் போயிருவ."

"நான் போவனா?"

"எல்லாரும் போவாங்க," என்றாள் எமரென்சியா. "அந்த நேரத்துல போகத்தான் தோணும்."

கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று, வாக்குக் கொடுத்தவர் முதலில் தன் பங்கைச் செய்துவிட வேண்டும் என்பது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த சிஸ்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஹில்டா இடது கையை மடியில் வைத்து, பெருவிரல் இடுக்கில் ரப்பரை ஊன்றினாள். மெல்லத்தான் ஊன்றினாள். முதல் நிமிஷத்தில் எமரென்சியாவின் முகத்தில் நாலு வருஷமாக இருந்த ஒரு சுருக்கம் அவிழ்ந்தது. இரண்டாவது நிமிஷத்தில் முதுகு நிமிர்ந்தது, அவள் இவ்வளவு உயரம் என்று ஹில்டாவுக்கு மறந்தே போயிருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் தொம்மை அண்ணனைத் தலையணையைத் தூக்குவது மாதிரித் தூக்கி உட்காரவைத்து, விரிப்பை மாற்றி, முகம் துடைத்து, தலை சீவிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, படுக்கவைத்தாள். ஒரு நிமிஷம் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, இப்ப என் காலு," என்றாள் ஹில்டா.

"இருட்டி. இந்தா வந்துட்டேன்."

உள்ளே போனாள். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், செருப்பைப் போட்டாள், "அவரக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள், வாசலைத் தாண்டினாள். ரேஷன் கடை முக்கைத் தாண்டி நாலு வருஷமாகப் போகாத பெண்பிள்ளை, கையை வீசிக்கொண்டு, கடற்கரை பக்கமாக நடந்தாள். முதலில் வேகமாக நடந்தாள், பிறகு அதைவிட வேகமாக.

ஹில்டா காத்திருந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள், இரண்டு நிமிஷம் பார்த்தாள். கட்டிலிலிருந்து தொம்மை அண்ணன் கோணிய வாயால், "எங்க... போயிட்டா?" என்று கேட்டார். கேட்டதில் பயம் இல்லை, ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. ஹில்டாவின் இடது கை கனக்கத் தொடங்கியது. கல்யாண மோதிரம் வலது கையில்தான் இருந்தது, நல்லவேளை, ஆனால் இடது கையின் கண்ணாடி வளையல் இரண்டும் சதையோடு ஒட்டி, பிறகு சதைக்குள் இறங்கின. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள், கேட்டில் சாய்ந்தாள்.

தெரு பூராவும் காலை மூன்று நிமிஷத்தின் தெம்பில் இருந்தது. கித்தேரி வீட்டில் முட்டை அடிக்கும் மெஷின் இரைந்தது, மெஷின் போதாதென்று அவள் கையாலும் ஒரு சட்டியில் அடித்துக்கொண்டிருந்தாள். டிரில் சார் ஏணிமேல் நின்று, யாருக்கும் சொந்தமில்லாத மின்கம்பத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பங்களாவில் சாமியார் மூன்றாவது சுருதியில் பாடிக்கொண்டிருந்தார். நடுத்தெருவில் இரண்டு பேர் ஒரு பீரோவைத் தூக்கி இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அது போன வாரம்தான் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தது.

"டிரில் சார், அந்த எமரெஞ்சியக்காவ நிப்பாட்டுங்க!"

ஏணியிலிருந்து சுண்ணாம்புத் துளி விழுந்தது.

"கித்தேரி! ஏட்டி கித்தேரி!"

மெஷின் இரைந்தது.

தெரு முனையில் ஊதாச் சேலை இன்னும் தெரிந்தது. மீன் விற்கிறவளின் கூடையைக் கடந்தது, ஒரு சைக்கிளைக் கடந்தது, திரும்பிப் பார்க்கிற நடையாக அது இல்லை. அந்தக் காலில், முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, ஹில்டாவின் மீன் குழம்பும் அவள் நிற்க வேண்டிய நிற்பும் எழ வேண்டிய எழும்பலும் அடியெடுத்து அடியெடுத்துப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கால் நடப்பதால் ஹில்டாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, யாராவது அந்த இடத்தில் விரலை வைத்தால்தான் உண்டு. ஹில்டா வீங்கின கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சைச் சேர்த்து, கன்னியாஸ்திரிகள் கூடாது என்று சொன்ன சத்தத்தில், முனை திரும்பிவிட்ட சேலையைப் பார்த்துக் கத்தினாள்:

"எமரெஞ்சியக்கா, போறது போங்க, நான் வேண்டாங்கல. போற எடத்துல எங்கயாவது ஒரு கல்லு கெடந்தா உக்காந்து, வலது காலுல, முட்டிக்குக் கீழ, ஒரு மூணு நிமிஷம் அழுத்துங்களேன்."